கிருமிக்கு அள்ளிய நல்ல தண்ணி

என்னிடம் உப்பைப் பற்றி யாரும் கேட்கக்கூடாது. கேட்டால் விடமாட்டேன். பால்தேத்தண்ணி ஆறி ஆடை படிந்து, கேட்ட ஆள் கொட்டாவி விட்டு, "சரி, பேந்து கதைப்பம்" என்று எழும்பும்வரைக்கும் சொல்லிக்கொண்டே இருப்பேன். கலியாண வீடுகளில் யாராவது மரியாதைக்கு, "உங்கடை ஆராய்ச்சி என்ன மாதிரிப் போகுது?" என்று கேட்டால் போதும், பக்கத்தில் இருக்கிற என் கணவர் மேசைக்குக் கீழே காலால் இடிப்பார். இடித்து என்ன பயன்? யாழ்ப்பாணத்தில் ஒரு ஆய்வுகூடத்தில், உப்புக்குள் உயிர் வாழ்கிற பற்றீரியாக்களோடு என் பாதி ஆயுள் போய்விட்டது. வேறு எதைப் பற்றி நான் கதைக்கிறது?

கொட்டாவி விடாமல் கேட்ட ஒரேயொரு ஆள் என் அண்ணை. வினையும் அங்கேதான் வந்தது.

அண்ணை அச்சுவேலிப் பக்கம் தோட்டம் செய்கிறவர். வெங்காயம், இடைக்கிடை மிளகாய். தோட்டத்துக் கிணறு பங்குக் கிணறு. மூன்று பங்குக்காரர், ஆளுக்கொரு முறை என்று மாறி மாறி இறைக்க வேண்டும். அண்ணையின் பங்கு அப்பா வழியில் வந்தது. மற்ற இரண்டு பேரும் இப்போது முறைக்கு வருவதில்லை. ஒருவர் தன் தோட்டத் தறை முழுக்கத் தென்னம்பிள்ளை வைத்துவிட்டார், மற்றவர் காணியைச் சும்மா விட்டுவிட்டார். காரணம் உப்பு. எங்கள் பக்கத்தில் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக் கல். மழைத் தண்ணீர் கல்லுக்குள் இறங்கி, அடியில் கிடக்கிற கடல் தண்ணீருக்கு மேலே மெல்லிசாகப் படிந்து கிடக்கும். மெசின் வைத்து அள்ள அள்ள மேலே கிடக்கிற நல்ல தண்ணீர் குறையும், கீழே கிடக்கிற உப்பு ஏறும். எல்லாரும்தான் அள்ளினோம். ஆரைக் குறை சொல்கிறது?

அண்ணை வீட்டுக் குசினியில் எப்போதும் இரண்டு குடம் இருக்கும். ஒன்று வீட்டுக் கிணற்றுத் தண்ணீர், சட்டிபானை கழுவ. மற்றது கோயில் கிணற்றில் அள்ளி வந்த நல்ல தண்ணி, குடிக்கவும் தேத்தண்ணி வைக்கவும். கோயில் கிணறு கிட்டடியில் இல்லை. அண்ணை சைக்கிள் கரியரில் பிளாஸ்ரிக் கானைக் கட்டிக்கொண்டு போய்த்தான் அள்ளி வருவார். நல்ல தண்ணி முடிந்துபோனால் வீட்டு ஆட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு உவர்த் தண்ணீரைக் குடித்தாலும் குடிப்பார்கள், படலையைத் திறந்து வந்த ஒருவருக்கு அதைக் கொடுக்கமாட்டார்கள். தபால்காரருக்கும் நல்ல தண்ணிதான், மீன் கொண்டுவருகிறவருக்கும் நல்ல தண்ணிதான். வந்த ஆளுக்கு உவர்த் தண்ணி குடுத்த வீடு என்று பெயர் எடுத்தால் எங்கள் பக்கத்தில் பிறகு தலை நிமிர்ந்து நடக்க ஏலாது.

அண்ணையின் ஒரே மகள் ஜேர்மனியில். ஒவ்வொரு முறை கதைக்கும்போதும், "அப்பா, உந்தத் தோட்டத்தை விட்டிட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்பாள். பாவம், அவளுக்கும் வேறு என்ன சொல்லத் தெரியும்? போன போகமும் அதற்கு முந்தினதும் வெங்காயம் எரிந்துபோயின. உப்புத் தண்ணீர் பட்ட வெங்காயத்துக்கு முதலில் தாள் நுனி கருகும், பிறகு கருகல் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். கடைசியில் அண்ணை மகளுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். இன்னும் ஒரு போகம், அதுவும் எரிந்தால் தோட்டத்தை விட்டுவிட்டு வருவார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அண்ணை ஒருமுறை ஜேர்மனிக்குப் போய்ப் பார்த்தவர். திரும்பி வந்த அன்றைக்கே சப்பாத்தைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டு, வெறுங்காலோடு தறைக்குள் போய் நின்றவர். அப்படிப்பட்ட மனுசன் கொடுத்த வாக்கு அது.

அந்த மகள்தான் கண் மருந்தும் அனுப்பினாள். வெயிலுக்கும் புழுதிக்கும் அண்ணையின் கண் வறண்டு, மண் விழுந்தது போல உறுத்திக்கொண்டே இருந்தது. நான் போன அன்றைக்கு மச்சாள், அண்ணையின் மனைவி, அவரைக் கதிரையில் சாய்த்துவைத்துச் சொட்டு விட்டுக்கொண்டிருந்தா. நான் பெட்டியை எடுத்து வாசித்தேன். எக்டோயின் என்று போட்டிருந்தது. எனக்கு வந்த சந்தோசத்தைக் கேட்கவேண்டாம்.

"அண்ணை, இது என்ரை கிருமியின்ரை சாமான்!"

அண்ணை ஒற்றைக் கண்ணைத் திறந்து மச்சாளைப் பார்த்தார். "கிருமியையோ எனக்குள்ளை விடுறாய்?"

"இஞ்சாருங்கோ, உங்கடை மகள் அனுப்பினது, எனக்கென்ன தெரியும்?" என்று மச்சாள் போத்தலைத் தூரப் பிடித்தா.

கிருமி இல்லை, கிருமி செய்கிற சாமான் என்று நான் தொடங்கினேன். என் கணவரும் பக்கத்தில் இல்லை, இடிக்கிறதுக்கு.

மீனுக்கு உப்புத் தூவி வைத்தால் தண்ணீர் விடுகிறதே, அதேதான் கிருமிக்கும் நடக்கும். வெளியில் உப்புக் கூடினால் அது உள்ளே கிடக்கிற தண்ணீரை இழுத்து எடுத்துவிடும். சாதாரணக் கிருமி கருவாடாகிவிடும். என்னுடைய கிருமி கருவாடாகாது. கடல்நீரேரிக் கரையில் வெயிலுக்கு உப்புப் பொருக்குக் கட்டுகிற சேற்றில் இருந்து நான் எடுத்தது அது. வெளியில் உப்பு ஏறுகிறது என்று தெரிந்த உடனே உள்ளே மூன்று நொதியங்களைச் செய்யத் தொடங்கும். நொதியம் என்றால் உயிருக்குள் இருக்கிற வேலையாட்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வேலைதான் தெரியும், அதை அச்சொட்டாகச் செய்யும். முதல் நொதியம், கிருமிக்குள் ஏற்கெனவே கிடக்கிற ஒரு சின்ன மூலக்கூறின் நுனியில் நைதரசனைப் பொருத்தும். இரண்டாவது அதன் மேல் இன்னொரு துண்டை ஒட்டும். மூன்றாவது, அதில் இருந்து ஒரு தண்ணீர் மூலக்கூறைக் கழற்றி எடுத்துவிட்டு, வளைத்து வளையமாகப் பூட்டும். அந்த வளையம்தான் எக்டோயின். அது உள்ளே நிறைந்து கிடந்தால், வெளியில் உப்பு எவ்வளவு இழுத்தாலும் தண்ணீர் உள்ளேயே நிற்கும், புரதங்கள் உருக்குலையாது. தண்ணீரைக் காப்பாற்றுகிற சாமானைச் செய்யக் கடைசியில் ஒரு தண்ணீரைக் கழற்ற வேண்டியிருக்கிறது, பாருங்கோ அண்ணை, என்றேன். அந்த மூன்றாவது நொதியத்தைக் கிருமியில் இருந்து தனியே பிரித்தெடுக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. கிருமிக்குள் இருக்கும்வரை சன்னதம் கொண்டு வேலை செய்யும், வெளியே எடுத்தால் கொஞ்ச நேரத்திலேயே சோர்ந்துவிடும். கரண்ட் போய்க் குளிர்சாதனப் பெட்டி நின்ற நாளில் அதுவும் போய்விடும். எத்தனை முறை அந்த அறைக்குள் இருந்து அழுதிருக்கிறேன்!

"மழை பெய்தால் உதுகள் என்ன செய்யும்?" என்று அண்ணை கேட்டார்.

கமக்காரன் கேட்கிற கேள்வி. என்னுடைய மாணவர்கள் ஒருவரும் கேட்டதில்லை. மழை பெய்தால் வில்லங்கம் மற்றப் பக்கத்தால் வரும் என்றேன். உள்ளே சாமான் நிறைந்து கிடக்க, வெளியில் திடீரென்று நல்ல தண்ணீர் வந்தால், தண்ணீர் உள்ளே பாய்ந்து கிருமி ஊதும். வெடிக்காமல் தப்ப வேண்டுமென்றால் கதவுகளைத் திறந்து சேர்த்ததையெல்லாம் வெளியே கொட்ட வேண்டும். கண் மருந்துக்காரர் அதைவைத்துத்தான் தொழில் நடத்துகிறார்கள். உப்புக்குள் வளர்ப்பார்கள், நல்ல தண்ணீருக்குள் போடுவார்கள், கிருமி கொட்டியதை வடித்து எடுத்துக்கொண்டு திரும்ப உப்புக்குள் விடுவார்கள். மாட்டில் பால் கறக்கிற மாதிரி என்று சொல்லிச் சிரித்தேன்.

அண்ணை சிரிக்கவில்லை. "பாவமடி," என்றார். "அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்ததைக் கொட்டிப்போட்டுத் திரும்பவும் உப்புக்குள்ளையோ?"

கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். மருந்துக்கு மூடினார் என்று நினைத்தேன். பிறகு நிமிர்ந்து இருந்தார்.

"தங்கச்சி, கண்ணுக்குள்ளை ஈரத்தைப் பிடிச்சு வைக்குமெண்டால், வெங்காய வேரிலை பிடிச்சு வைக்காதோ?"

இல்லை என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் கேட்டது அண்ணை. ஆய்வுகூடத்தில் சின்னச் சின்னச் சாடிகளில் வெங்காயம் நட்டு, வேருக்குக் கிருமி விட்டு, உப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தது உண்மை. கிருமி விடாத சாடியைவிட விட்ட சாடி கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப் பிடித்ததும் உண்மை. கொஞ்சம். அந்தச் சொல்லை நான் அழுத்தித்தான் சொன்னேன். அண்ணையின் காதில் அது விழவேயில்லை.

அதற்குப் பிறகு போன் எடுத்தால் இதே கதைதான். "எப்ப கொண்டுவாறாய்?"

"அண்ணை, விசர்க் கதை கதையாதேங்கோ. உது மருந்தில்லை. கிருமி தன்ரை உயிரைக் காப்பாத்தத் தனக்குள்ளை செய்யிற சாமான் அது. வெங்காயத்துக்குப் பங்கு பிரிச்சுக் குடுக்கிறதுக்கில்லை. வெங்காயத்திட்டை அந்த மூண்டு நொதியமும் இல்லை. கடவுள் குடுக்கேல்லை."

"கடவுள் குடுக்காட்டி நீ குடன்."

இப்படிச் சொல்கிற மனுசனோடு என்னத்தைக் கதைக்கிறது? கிருமியை வெளியே தோட்டத்துக்குக் கொண்டுபோகலாமோ என்று பல்கலைக்கழகத்தில் எங்கள் பகுதித் தலைவரிடம் போய்க் கேட்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லுவார், அந்தப் பழியை அவர் தலையில் போட்டுவிட்டுத் தப்பலாம் என்றுதான் கேட்கப் போனேன். அவரோ, "இந்த மண்ணிலை இருக்கிற கிருமிதானே, ஒரு ரண்டு பாத்தியிலை போட்டுப் பாருங்கோவன்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். எனக்கு இருந்த ஒரே வழியும் அடைபட்டது.

நடுகைக்கு மச்சாள் நாள் பார்த்துச் சொன்னா. அன்று காலமை ஸ்கூட்டியின் முன்பக்கத்தில் கிருமி வளர்த்த போத்தலை ஈரத் துணியால் சுற்றி வைத்துக்கொண்டு போனேன். அண்ணை முழுகி, திருநீறு பூசி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். கடகத்தில் நடுகை வெங்காயம் தயாராக இருந்தது. போத்தலை வாங்கி இரண்டு கையாலும் வெயிலுக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை, கஞ்சி வடித்த தண்ணீர் மாதிரிக் கலங்கலாக ஏதோ. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் குழந்தைப்பிள்ளையைத் தூக்கிக் காட்டுகிற மாதிரி இருந்தது.

"வலுதூரம் வந்திட்டுதுகள். பசி கிடக்கோ தெரியேல்லை."

"அதுகளுக்குப் பசியில்லை. நான் சொல்லுறதை வடிவாக் கேளுங்கோ. இதுக்குள்ளை இருக்கிற உப்பு உங்கடை கிணத்து உப்பை விடக் கூட. ஒரேயடியாக் கலக்கக்கூடாது. இதைப் பாத்திரத்திலை விட்டு, தோட்டக் கிணத்துத் தண்ணியிலை ஒரு பேணி மொண்டு ஊத்துங்கோ, கொஞ்சம் பொறுங்கோ, பேந்து இன்னொரு பேணி. மெல்ல மெல்லப் பழக்க வேணும். தோட்டக் கிணத்துத் தண்ணிதான், விளங்குதோ? அது முடிய வெங்காயத்தை அதுக்குள்ளை ஊற விட்டு நடுங்கோ."

"ஓமோம், நீ போ."

எனக்குச் செய்முறை வகுப்பு இருந்தது. பிள்ளைகள் காத்துக்கொண்டிருப்பார்கள். மச்சாள் தந்த தேத்தண்ணியை நின்ற நிலையிலேயே குடித்துவிட்டு ஓடினேன்.

அந்த இரண்டு பாத்திக்கும் அண்ணை மூலைக்கு மூலை கிளுவைத் தடி ஊன்றிவைத்தார், மற்றதோடு மாறிப்போகக்கூடாது என்று. முளைத்தன. எல்லாப் பாத்தியும் முளைத்தன, இந்தப் பாத்தியும் முளைத்தது. ஆனால் அண்ணைக்கு இது வேறு முளை. ஆய்வுகூடத்தில் நான் கையுறையோடு வேலையில் இருக்கும்போது போன் அடிக்கும். வீடியோவில் மண்ணும் அண்ணையின் கால் விரலும் ஆடிக்கொண்டு வரும்.

"பாரடி, மற்றதை விட இது பச்சையில்லையோ?"

எனக்கு இரண்டும் ஒரே பச்சையாகத்தான் தெரிந்தது. "பாப்பம் அண்ணை" என்பேன். அதைவிட வேறு என்ன சொல்ல? "பாப்பம்" என்ற சொல்லை அந்த நாட்களில் நான் சொன்ன மாதிரி ஒருநாளும் சொன்னதில்லை. வகுப்பில் கோபம் வரும், சும்மா நின்ற பிள்ளைகளைப் பேசுவேன்.

பங்குனி வெயில் பிடித்தது. காற்றும் வறண்டு அடித்தது. கிணற்றுத் தண்ணீரை அண்ணை கையில் ஏந்தி நாக்கில் விட்டுப் பார்த்துவிட்டுத் துப்புவதை நான் கண்டேன். உப்பு ஏறிவிட்டது. முதலில் மற்றப் பாத்திகளில் தாள் நுனி கருகியது. அந்தக் கிழமை அண்ணையின் குரலில் ஒரு துடிப்பு இருந்தது. "இது இன்னும் நிக்குது, கண்டியோ?" அடுத்த கிழமை போன் வரவில்லை. நான் எடுத்தபோது மச்சாள்தான் கதைத்தா. கிளுவைத் தடி ஊன்றின பாத்தியும் கருகத் தொடங்கிவிட்டது என்றா.

போய்ப் பார்த்தேன். தாள்கள் நுனியில் இருந்து வைக்கோல் நிறமாகி வளைந்து கிடந்தன. அண்ணை வரம்பில் குந்தியிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் ஒரு செடியைப் பிடுங்கி, வேரடி மண்ணைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன்.

மண்ணைக் கரைத்து, உப்புப் போட்ட ஊடகத் தட்டில் பூசி வைத்தால் எங்கள் கிருமி மஞ்சள் பொட்டுப் பொட்டாக வளரும். பார்த்தவுடனே தெரியும், இத்தனை வருசப் பழக்கம். தட்டில் வெள்ளையாகவும் சாம்பலாகவும் ஏதேதோ மண் கிருமிகள் வளர்ந்திருந்தன. மஞ்சளில் ஒரு பொட்டுக்கூட இல்லை. திரும்பவும் பூசினேன். இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. வெங்காயம் சாகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கிருமி ஏன் செத்தது? அது உப்பைக் கண்டு சாகிற சாதியில்லையே! உப்பு ஏற ஏறத்தானே அதுக்கு வேலை!

ஞாயிற்றுக்கிழமை நேரே போய்க் கேட்டேன். அண்ணை சாய்மனைக் கதிரையில் கிடந்தார். மச்சாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தா.

"அண்ணை, அண்டைக்கு நான் சொன்ன மாதிரித்தானே கலந்தனீங்கள்?"

அண்ணை வாய் திறக்க முதல் மச்சாள் தொடங்கினா. "ஏன் உமக்குச் சந்தேகம்? உம்மடை அண்ணை அதுகளை ராசா மாதிரியெல்லே பாத்தவர். நீர் அங்காலை போக, இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோயில் கிணத்தடிக்குப் போட்டார். கான் நிறைய நல்ல தண்ணி அள்ளிக்கொண்டு வந்து, போத்தலோடை அப்பிடியே கவிட்டுக் கலந்துதான் வெங்காயத்தை ஊற விட்டவர். எங்கையோ இருந்து எங்களை நம்பி வந்த சீவனுகள், வந்த உடனை உந்தக் கண்டறியாத உவர்த் தண்ணியை எப்பிடிக் குடுக்கிறதெண்டு மனுசனுக்கு மனம் கேக்கேல்லை."

எனக்கு வாய் முந்திவிட்டது. எப்போதும் எனக்கு வாய்தான் முந்தும்.

"ஆரண்ணை உங்களை நல்ல தண்ணி ஊத்தச் சொன்னது? படிச்சுப் படிச்சுச் சொல்லிப்போட்டுப் போனன். செத்துப் போச்சுதுகள்! அண்டைக்கே முக்கால்வாசி செத்திருக்கும்!"

சொல்லி முடித்த பிறகுதான் அண்ணையைப் பார்த்தேன். அவர் எழும்பி இருந்தார். கதிரைச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மழை பெய்தால்," என்றார் மெல்ல. "நீ அண்டைக்குச் சொன்னனீ. நல்ல தண்ணி கண்டால் எல்லாத்தையும் கொட்டிப்போடும், இல்லாட்டி வெடிச்சுப்போகும் எண்டு சொன்னனீ. நான் பாவமெண்டு சொன்னனான்." கொஞ்சம் பொறுத்து, "பேந்து நானே ஊத்தினனான்" என்றார்.

மச்சாள் வாயில் சீலைத் தலைப்பை வைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டா.

நான் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஓம் அண்ணை, உங்கடை பிழைதான் என்று சொல்லலாம். அது உண்மை. கொட்டிவிட்டு வெறுமையாக நின்ற கிருமிகளுக்குத் திரும்ப மூன்று நொதியத்தையும் வேலைக்கு விட்டு, வளையம் வளையமாகச் சேர்த்தெடுக்க நேரம் எங்கே இருந்தது? வெடிக்காமல் தப்பினது ஒன்றிரண்டும் அந்த மண்ணின் வெயிலுக்குள் தாங்கியிராது. உங்கடை பிழை இல்லை, சரியாக் கலந்திருந்தாலும் வெங்காயம் எரிஞ்சுதான் இருக்கும் என்றும் சொல்லலாம். அதுவும் உண்மை என்றுதான் என் மனம் சொன்னது. முதலாவதைச் சொன்னால், அள்ளிக்கொண்டு வந்த கையை நினைத்து நினைத்து மனுசன் உருகிப்போவார். இரண்டாவதைச் சொன்னால், கொடுத்த வாக்குப்படி அவர் ஜேர்மனிக்குப் போக வேண்டும். எதைச் சொல்ல? உப்பைப் பற்றி ஒருநாளும் வாய் மூடாத எனக்கு அன்றைக்கு ஒரு சொல் வரவில்லை.

அதற்குள் அண்ணையின் முகம் மாறியது. நான் பயந்த மாதிரி மாறவில்லை. நெற்றி விரிந்தது, கண்ணில் வெளிச்சம் வந்தது.

"அப்ப கிருமியிலை பிழை இல்லை!"

"அண்ணை..."

"பிழை என்ரை. கிருமியிலை ஒரு பிழையும் இல்லை. பிழையாச் செய்ததைக் கணக்கிலை சேக்கிறதோ? இந்தப் போகம் கணக்கில்லை." குசினிப் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார். "இஞ்சேரும், கேட்டனீரோ? நான்தான் கெடுத்தது! அதுகள் நல்லதுகள்!"

அப்படிச் சந்தோசமாக ஒருவர் தன் பிழையை ஒப்புக்கொண்டதை நான் கண்டதில்லை. பொறுங்கோ, நான் சொல்லுறதைக் கேளுங்கோ என்று எத்தனையோ சொன்னேன். சாடியிலும் கொஞ்சம்தான் தாக்குப் பிடித்தது என்றேன். கிருமி தனக்குச் செய்கிறதை வெங்காயத்துக்குக் கொடுக்காது என்றேன். "ஓமோம்" என்றார். அந்த ஓமோம் எனக்குத் தெரிந்த ஓமோம்.

அண்ணைக்குச் சரியான பதிலைச் சொல்ல வேண்டும், ஊகத்தை அல்ல என்று நினைத்தேன். அவருடைய கிணற்றுத் தண்ணீரையே கானில் கொண்டுவந்து, அவருடைய மண்ணைச் சாடியில் போட்டு, அவர் நட்ட அதே வெங்காயத்தை நட்டேன். பேணி பேணியாக, பொறுத்துப் பொறுத்து, நானே கலந்தேன். இந்த முறை கிருமி சாகவில்லை. மண்ணைப் பூசிய தட்டு முழுக்க மஞ்சள் பொட்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் எக்டோயின் நிறைந்து கிடந்திருக்கும். அதுகள் அந்தக் கிணற்று உப்புக்குள் சோக்காக இருந்தன. அதுகளுக்கு நடுவில் வேர் விட்ட வெங்காயம் நுனியில் இருந்து கருகிக் கொண்டே வந்தது. முந்திச் செய்து பார்த்தது ஆய்வுகூடத்து மண், அளந்து போட்ட உப்பு. அண்ணையின் கிணறு அதையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. கிருமி விடாத சாடிக்கும் விட்ட சாடிக்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. நான் அந்த மேசைக்கு முன்னால் இருந்தேன். எந்த நொதியம் எந்த அணுவை எங்கே பொருத்துகிறது என்று சொல்ல என்னால் ஏலும். என் கூடப்பிறந்தவரின் ஒரு பாத்தியைக் காப்பாற்ற ஏலாது. இவ்வளவு படித்து என்ன கண்டேன் என்று கோபம் வந்தது, ஆரோடு கோபிக்கிறது என்றும் தெரியவில்லை.

இதைச் சொல்லத்தான் போனேன். அண்ணை திரும்ப நடுவதற்கு ஆயத்தம் செய்துவிட்டு இன்னொரு போத்தல் கேட்டிருந்தார், அதையும் கொண்டுதான் போனேன்.

கருகினதெல்லாம் பிடுங்கி, தறை புதிதாகக் கொத்தியிருந்தது. மூலைகளில் புதுக் கிளுவைத் தடி. படலையில் என்னைக் கண்டவுடனேயே மச்சாள் நல்ல தண்ணி கொண்டுவந்து தந்தா. நான் குடித்து முடிக்க முதல் அண்ணை போத்தலை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். பின்னாலேயே போனேன். "அண்ணை, ஒரு விசயம் கதைக்க வேணும்" என்றேன்.

"பொறு, பொறு. முதல் இதைப் பார்."

வாளியில் தோட்டக் கிணற்றுத் தண்ணீர் அள்ளி வைத்திருந்தார். பால்மாப் பேணியால் கொஞ்சம் மொண்டு, முதலில் தன் நாக்கில் விட்டுப் பார்த்தார். "நல்ல உவர்" என்று தலையாட்டினார். தன் கிணறு உவரானதுக்கு ஒருவர் திருப்திப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். போத்தலைப் பாத்திரத்தில் ஊற்றி, அதற்குள் ஒரு பேணி விட்டார். கையைக் கட்டிக்கொண்டு பொறுத்தார். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, ஒரு எழுத்துப் பிசகாமல். "கவலைப்படாதேங்கோ, இந்த முறை ஏமாத்தேல்லை" என்று குனிந்து பாத்திரத்துக்குச் சொன்னார்.

சொல்லு, இப்போது சொல்லு என்று என்னை நானே உந்தினேன். அப்போது அவருடைய போன் அடித்தது. மகள். அண்ணை ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு எடுத்தார்.

"ஓம் பிள்ளை. இல்லைப் பிள்ளை, இப்ப வரேல்லை. நான் சொன்னனான் எல்லே, அது நான் விட்ட பிழை. இந்த முறை பிழைக்காது. மாமி இஞ்சை பக்கத்திலைதான் நிக்கிறா. நீ மாமியைக் கேள்." போனை என்னிடம் நீட்டினார். "சொல்லு, நீயே சொல்லு அவளுக்கு."

போனை வாங்கினேன். அந்தப் பக்கத்தில் ஏதோ பஸ் ஓடுகிற சத்தம் கேட்டது.

"மாமி," என்றாள் அவள். "உண்மையாத்தானோ? அப்பா சொல்லுறதிலை ஏதும் இருக்கோ? இருக்கெண்டால் சொல்லுங்கோ, நான் அவருக்குக் கரைச்சல் குடாமல் விடுறன்."

அண்ணை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மருந்து விட்ட கண் இரண்டும் ஈரமாக இருந்தன.

"ஓம்" என்றேன்.

அண்ணை அடுத்த பேணியை மொண்டு ஊற்றினார்.